மாமா பெயருக்கு நேரே எழுதிய சொல்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மேகமலைப் பக்கம் ஒரே கருமை, இங்கே வெறும் சாரல். துணி காயவில்லை. ஜி.ஆர்.இ. பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். பாக்கிச் சொற்கள் 340. பள்ளிக்கூடமும் போய்க்கொண்டு, சோறும் பொங்கிக்கொண்டு, நாளுக்கு முப்பது. விளங்கிடும்.

முப்பத்திரண்டு வயதில் இது எனக்குத் தேவையா என்று ஸ்டாஃப் ரூமில் கேட்கிறார்கள். தேவைதான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலையின் குறுக்குவெட்டை வரைந்து காட்டியே ஒன்பது வருடம் போய்விட்டது. திராட்சையில் விழுகிற சாம்பல் நோயைப் பற்றி ஆராய்ச்சி பண்ண வேண்டும், அதுவும் அந்த அமெரிக்கக் கல்லூரியில்தான் பண்ண வேண்டும். இங்கிலீஷ் பகுதியில் 155 வேண்டுமாம். போன மாதம் வீட்டில் எழுதிப் பார்த்ததில் 146.

இன்றைக்கு என் வீட்டுக்காரர் சார்லஸ் ஒரு வழி சொன்னார். மருந்தடித்த ஸ்பிரேயரைக் கழுவிக்கொண்டே, "ஏ புள்ள, சும்மா உருப்போட்டா நிக்காது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நம்மூர்ல ஒரு ஆளப் பிடி." பி.ஏ.வை முடிக்காத மனுஷன் சொன்ன வழி. சொல்லப்போனால் நன்றாகவே நிற்கிறது:

கேருலஸ் — வாய் ஓயாத பேச்சு — எதிர்வீட்டு மேரி சித்தி.
பெல்லிகரென்ட் — எடுத்ததற்கெல்லாம் சண்டை — 7.10 டவுன் பஸ் கண்டக்டர்.
டைலடரி — காரியத்தைத் தள்ளிப்போடுவது — என் வீட்டுக்காரர். (குழாய் ஒழுகி இரண்டு மாதம்.)
டாசிடர்ன் — பேச்சே குறைவு — மாமா, சார்லஸின் அப்பா. வேறு யார்?

ஜூன் 10, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. பஸ்ஸில் பதினெட்டுச் சொற்கள். காமயகவுண்டன்பட்டி ஸ்டாப்பில் இறங்க மறந்து அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு வந்தேன். மாமா கொடிக்குக் கீழே நின்று காய் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அது போதும் அவருக்கு.

விஷயம் இதுதான். இடம் கிடைத்தால் ஐந்து வருடம். சார்லஸ் இல்லாமல் நான் போகமாட்டேன், அவரும் விடமாட்டார். அத்தை இறந்து ஐந்து வருடம் ஆகிறது. நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினால் வீட்டில் மாமா ஒற்றை ஆள். அவர் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டோம். "ம்" என்றார். அந்த "ம்" சரியா, பார்ப்போமா, வேண்டாமா? கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

இன்று சாப்பாட்டில் மறுபடி கேட்டேன். "மாமா, பரீச்சைக்குப் பதினோரு நாள்தான் இருக்கு. நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"ரசம் இருக்கா ஆத்தா?"

ரசம் இருந்தது. ஊற்றினேன். உள்ளே வந்து சொற்கள் எழுதிவைக்கும் நோட்டை எடுத்து, பேனா கிழிக்கிற அழுத்தத்தில் எழுதினேன்: அப்டுரேட் — எவ்வளவு கேட்டாலும் இளகாத கல் நெஞ்சு — மாமா. எழுதியதும் வயிறு குளிர்ந்தது. அப்படித்தான் இருந்தது, பொய் எதற்கு.

ஜூன் 12, வியாழன்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் தோட்டத்துக்குப் போனபோது நோட்டை மோட்டார் ரூமில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ராத்திரி முழுக்க மழை. காலையில் தேடித் தேடிப் பைத்தியம் பிடித்தது. மத்தியானம் மாமா கொண்டுவந்தார், வேட்டி மடிப்புக்குள் பத்திரமாக.

"மோட்டார் ரூம்ல விட்டுட்ட ஆத்தா. நனஞ்சிருச்சு. ஃபேன்ல வையி."

நான் வைக்கும்வரை நிற்கவில்லை. அவரே கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, ஓரத்தில் சின்னக் கல் வைத்துக் காயவைத்தார். நாற்பது தாள். இங்கிலீஷ் படிக்க வராது அவருக்கு. ஆனால் மடச்சி நான் பொருளையெல்லாம் தமிழில் அல்லவா எழுதிவைத்திருக்கிறேன்! அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் வந்தது. பிரித்தார். தடவி நேராக்கினார். கல் வைத்தார். அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

படித்தாரா இல்லையா? அவர் முகத்தில் எதைத்தான் கண்டுபிடிக்க முடியும்?

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். கோயிலில் பொரி, ரொட்டி. மாமா முதல் பூசைக்கே போய்விட்டு நேராகத் தோட்டம். என் கண்ணிலேயே படவில்லை.

சார்லஸிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "கண்டக்டர்கிட்ட மாட்டாம இருந்தியே, அதச் சொல்லு." பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா செத்தன்னைக்கு அப்பா அழுகலைன்னு ஊரே சொல்லுச்சு. எனக்குத் தெரியும். மோட்டார் ரூமுக்குள்ள போயி, மோட்டாரப் போட்டுவிட்டுட்டு அழுதாக. சத்தம் வெளிய கேக்கக் கூடாதுல்ல."

ஆறு வருடம் இந்த வீட்டில் இருக்கிறேன். யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நோட்டில் அந்த அப்டுரேட் வரியில் மாமா என்பதை அடித்துவிட்டு அமலா என்று என் பெயரை எழுதினேன். இன்றைக்குச் சொற்கள் ஆறுதான். மனசு ஓடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று கோயிலில் நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

பூசைக்கு முன்னால் உபதேசியார் வேண்டுதல் கருத்துகளை வாசிப்பது வழக்கம். யார் யார் எதற்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்று. இறந்தவர் ஆன்மா இளைப்பாற்றிக்கு, சுகப்பிரசவத்துக்கு, கோர்ட் கேஸுக்கு. எங்கள் ஊரில் அதில் வாசித்துவிட்டால் காரியம் முடிந்த மாதிரி. கல்யாணமே ஆனாலும் அதில் வாசித்த பிறகுதான் நம்புவார்கள். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

"வெளிநாடு செல்லும் மகன் சார்லஸ், மருமகள் அமலா, இவர்களுடைய பயணம் நல்லபடியாக அமைய, சவரிமுத்து குடும்பத்தார்."

சவரிமுத்து என்றால் மாமா. ஊரே திரும்பியது. மேரி சித்தி பெஞ்சையே ஆட்டிவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் மாமா பீடத்தைப் பார்த்தபடி நேராக நிற்கிறார், தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. சார்லஸ் தூணுக்குப் பின்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஓடிப் பிடித்தேன். "மாமா, நான் இன்னும் பரீச்சையே எழுதலையே!"

"எழுது."

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தவை: சாம்பார் பொடி ஒரு டப்பா. எள்ளுருண்டை. இரண்டு ஜெபமாலை. கழுத்துக்குச் சுற்ற ஒரு மஃப்ளர் (மேரி சித்தி). பாஸ்போர்ட்டில் இன்னும் ஒரு முத்திரைகூட விழவில்லை, அதற்குள் வழியனுப்புகிறார்கள்.

"அங்கன ஐஸா கொட்டுமாம்ல? காத மூடிக்க ஆத்தா. பிளைட்டு என்னைக்கு?"

"சித்தி, இன்னும் பரீச்சையே எழுதல. எழுதிப் பாசாகணும், அவுக இடம் குடுக்கணும்..."

"அதான் கோயில்லயே வாசிச்சாச்சே, பெறகென்ன?"

இவளிடம் 155 பற்றி என்னத்தைச் சொல்ல? இனிமேல் நான் ஃபெயிலானால் ஊர் முழுக்க ஃபெயில்.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போனேன். இனிமேல் பொறுக்க முடியாது என்று வாய் திறந்துவிட்டேன். "மாமா, நோட்டுல உங்களப் பத்தி எழுதுனது... கோவத்துல எழுதிட்டேன். மன்னிச்சிருங்க."

மாமா ஒரு குலையைக் கையில் ஏந்தி, வெடித்த பழத்தைக் கிள்ளி எடுத்தார். "பரீச்சையில அது வந்தா உனக்கு மறக்காதுல்ல?" உதட்டோரம் சிரிப்பு. நான் கண்டேன். சத்தியமாகக் கண்டேன்.

"எங்ககிட்ட சொல்லாம எதுக்கு கோயில்ல குடுத்தீக?"

இன்னொரு குலைக்குப் போனார்.

"வாயில வரல ஆத்தா. கோயில் நோட்டுல எழுதிக் குடுத்துட்டேன். நீயும் அப்பிடித்தான?"

பந்தலுக்குக் கீழே நின்று அழுதேன். அவர் பாட்டுக்கு வேலை பார்த்தார். நானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு கூடவே நின்றேன். சொற்கள் இன்று பூஜ்யம். பரவாயில்லை.

ஜூன் 20, வெள்ளி

நாளைக்கு மதுரை. பை: பாஸ்போர்ட், தண்ணீர், எலுமிச்சை, மாத்திரை. படிக்காத சொற்கள் 41. போகட்டும், அதெல்லாம் அவர்கள் ஊர்ச் சொல், அங்கே போய்ப் படித்துக்கொள்கிறேன். சார்லஸ் இன்று குழாயைச் சரிபண்ணிவிட்டார். டைலடரிக்கு வேறு ஆள் தேட வேண்டும். முழங்கையெல்லாம் சேறு, பல்லெல்லாம் சிரிப்பு. இந்த மனுஷனை நான் எவ்வளவு திட்டினாலும் தகும், எவ்வளவு கொஞ்சினாலும் தகும்.

ஜூன் 21, சனி

திரும்பி வருகிற பஸ்ஸில் எழுதுகிறேன். குலுங்குகிறது.

காலையில் கிளம்பும்போது மாமா வெள்ளைச் சட்டையோடு வாசலில். யாரும் கூப்பிடவில்லை. நாங்களும் எதுவும் கேட்கவில்லை. மூன்று பேருமாக வந்தோம்.

பரீட்சை இரண்டு மணி நேரம். ஏ.சி. குளிரில் விரல் விறைத்தது. கடைசியில் பொத்தானை அமுக்கியதும் திரையில் இங்கிலீஷ் மார்க் வந்தது. 157. தப்பாகப் படித்தேனோ என்று பயந்து கண்ணை மூடித் திறந்தேன். 157தான்.

வெளியே வந்து சொன்னதும் சார்லஸ் நடுரோட்டில் என்னைத் தூக்கிவிட்டார். மாமா "ம்" என்றார்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் சார்லஸ் டீ வாங்கப் போனார். பெஞ்சில் நானும் மாமாவும். மாமா பேச ஆரம்பித்தார். பிளைட்டில் எத்தனை மணி நேரம்? இங்கே பகல் என்றால் அங்கே ராத்திரியா? அப்ப எந்த நேரத்துக்குப் போன் பண்ணுவீர்கள்? பூசைக்குக் கோயில் பக்கத்தில் இருக்குமா? அவன் சமைப்பானா, எல்லாம் உன் தலையிலா? அத்தனைக்கும் பதில் சொன்னேன். மைக்கில் போடி பஸ், கம்பம் பஸ் என்று கத்திக்கொண்டிருந்தான்.

"நான் தனியா இருந்துக்கிருவேன், கவலப்படாதன்னு உன்கிட்ட சொல்லணும்னு நாலு நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன் ஆத்தா. பொய்யி. என்னால இருக்க முடியாது. ரொம்பக் கஷ்டமாத்தேன் இருக்கும்." வேட்டி நுனியை மடித்து மடித்துப் பிரித்தார். "இருந்தாலும் போங்க. ரெண்டு பேரும் போங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இதுவரை பிடித்ததில்லை. காய்த்துப்போன கை. விடுவித்துக்கொள்ளவில்லை.

சார்லஸ் மூன்று டீயோடு வந்து எங்கள் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். "என்னா, மார்க்க மாத்திட்டாகளா?"

இல்லை என்று தலையாட்டினேன். பஸ் வந்தது. மாமா என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.