புளூமன்தால் துணிக்கடையின் சுவர்

என் அன்புச் சின்னண்ணைக்கு,

நீங்கள் போன பிறகு வரும் இரண்டாவது பனிக்காலம் இது. நேற்று இங்கே அஜின்கோர்ட்டில் பனி விடாமல் கொட்டியது. உங்கள் மகள் ஆரணி காரைத் துடைத்துத் துடைத்துப் புறுபுறுத்தாள். அவளால்தான் இன்று உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

கனடாவுக்கு வருமுன் ஜேர்மனியில் அகதியாக இருந்தபோது பெயின்ற் அடிக்கப் போனீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு சின்ன நகரத்தில் நடந்ததை மட்டும் ஆஸ்பத்திரியில், அந்தக் கடைசிக் கிழமையில்தான் சொன்னீர்கள்.

"பழைய பெயின்ற்றைச் சுரண்ட உள்ளுக்கை இருந்து எழுத்து வந்தது, தங்கச்சி. புளூமன்தால் எண்டு பேர். கீழ துணிக்கடை எண்டு இருந்தது. ஆரின்ர கடை எண்டு முதலாளியைக் கேட்டனான். யூத ஆக்கள், முந்தி இருந்தவை, போட்டினம் எண்டார். எங்க போனவை எண்டு கேட்டன். அவர் பெயின்ற் வாளியைக் காட்டினார். நான் பூசிப்போட்டன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "எங்கட அப்பாவின்ர கடைப் பேரையும் ஒருத்தன் உப்பிடித்தானே பூசியிருப்பான்" என்றீர்கள். நாங்கள் பூட்டிவிட்டு ஓடிய யாழ்ப்பாணத்துக் கடையை, திரும்பிப் போனபோது வேறு பெயரோடு பார்த்தோமே, அதைத்தான் சொன்னீர்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

இத்தனை வருடம் ஒரே ஊரில் இருந்தோம், அண்ணை. நடக்கக்கூடிய காலத்தில் ஏன் வாய் திறக்கவில்லை? உங்களை அங்கே கூட்டிக்கொண்டு போயிருப்பேனே.

போன இலையுதிர்காலத்தில் ஆரணியை அவளுடைய மிசிசாகா ஒபிஸ் ஜேர்மனிக்கு அனுப்பியது. அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விடுமுறை நாளில் ரயில் பிடித்து அந்த நகரத்துக்குப் போனாள். அங்கிருந்து வீடியோவில் அழைத்தாள். குசினியில் பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு நின்றபடி பார்த்தேன்.

"மாமி, இதில புளூமன்தால் எண்டு கிடக்கு!"

ஒரு வீட்டு வாசல் நடைபாதையில், அங்கே வாழ்ந்த யூதர்களின் பெயரும் முடிவும் பொறித்த சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள். தகப்பன், தாய், மகள் மூவரும் கொல்லப்பட்டிருக்கிறார்கள். மகன் மட்டும் தப்பியோடியிருக்கிறான்.

இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் ஆரணியுடன் நின்றார். யூதர்களின் வீடுகளும் கடைகளும் தொழுகைக்கூடமும் இருந்த இடங்களைத் தேடி, வருபவர்களுக்குக் காட்டுகிறவர். "அவர்கள் வாழ்ந்த வீடு இது. கடை எதுவென்றுதான் தெரியவில்லை. ஒரு படம்கூட மிஞ்சவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நீங்கள் சொன்ன அடையாளத்தைச் சொன்னேன்: சந்தைத் தெருக் கிணற்றுக்கு நேரெதிரே, வளைந்த கல்வாசல் வைத்த கட்டடம். இருவரும் அங்கே நடந்துபோனார்கள்; ஆரணி போனைத் திருப்பினாள். வாசல் அப்படியே இருந்தது. கீழே இப்போது ஒரு பேக்கரி. குளிர் தாங்குவதற்காகச் சுவருக்கு மேலே தடித்த பலகை அடித்து, புதிதாகப் பூசியிருந்தார்கள். ஆசிரியை அதில் கையை வைத்தபடி நின்றார்.

"அந்தப் பெயரைச் சுவரில் கண்டதாக எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் உங்கள் அண்ணன்தான். உயிரோடு வந்திருந்தால் எத்தனை கேட்டிருப்பேன்!"

அந்த நேரம் எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது, அண்ணை. பிறகு அழுதேன்.

போன கிழமை, தப்பிய அந்த மகனின் பேத்தி எங்களுக்கு அழைத்தார். ஆசிரியை நம்பர் கொடுத்திருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஆரணி என் காதுக்குள் கேட்டாள்: "மாமி, அப்பா பாத்தவர் எண்டு மட்டும் சொல்லுவமே? பூசினதைச் சொல்லவேணுமே?"

"ஓம், சொல்லு. கடைசிவரைக்கும் அது அவரை விடேல்லை எண்டதையும் சொல்லு."

ஆரணி இரண்டையும் சொன்னாள். பிறகு அந்தப் பேத்தி கேட்டது ஒன்றுதான்: "எழுத்துகள் என்ன நிறம்?"

நீங்கள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வசந்தத்தில் அந்த வாசலில் கடையின் பெயரைப் பதிக்கப் போகிறார்கள், அண்ணை. எங்களையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆரணியோடு நான் போவேன். நீங்கள் கண்டதையும் சொல்வேன், பூசியதையும் சொல்வேன். நிறத்தைக் கேட்டால், தெரியாது என்றே சொல்வேன். உங்களை நல்லவராகக் காட்ட ஒரு சொல்லும் கூட்டமாட்டேன்.

உங்கள் கையைக் கடைசியாகப் பிடித்திருந்த
தங்கச்சி