எண்ணெய்ப் பலகையில் முடிவான ஊர்

மதினி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயிலாகவும் உங்களுக்குத் தெரியவேண்டாம். இன்று காலை, உங்கள் மகள் மேசையில் விட்டுப்போன லிப்ஸ்டிக்கை எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பூசிப் பார்த்தேன். பேரன் எடுக்கிற வயசில் உனக்கு இது தேவையா என்று கேட்பீர்கள். தேவையில்லைதான். மூடியைத் திறந்ததும் உங்கள் பவுடர் டப்பா வாசம் வந்தது, கை தானாக நீண்டுவிட்டது. சாப்பிட்டாலும் தண்ணீர் குடித்தாலும் அழியாத சாயமாம், விமானத்தில் வேலை பார்க்கிற பிள்ளைகள் அதைத்தான் வாங்குவார்களாம். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கீரைக்காரி வந்துவிட்டாள்.

"என்னக்கா, காலையிலயே வெத்தலையா?"

"ஆமா, வாய் கசக்குது" என்றேன்.

நீங்கள் இருந்திருந்தால் அவளை உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்பீர்கள்.

ஆமாம் மதினி, பிள்ளை தேறிவிட்டாள். நீங்கள் மதுரைக்கு அனுப்பிப் படிக்கவைத்த படிப்பு வீணாகவில்லை. விமானத்தில் வேலை கிடைத்து, பயிற்சியும் முடித்து லீவில் வந்திருந்தாள். அப்போது போனில் ஒரு செய்தி வந்தது. எந்த ஊர் வேண்டும் என்று சொல்லவேண்டுமாம். அதற்கு 'பேஸ்' என்று பெயர். விமானம் எங்கே பறந்தாலும் அவள் வேலைக்குக் கிளம்புவதும் திரும்பி வருவதும் அந்த ஊரில்தான். கூப்பிட்டால் உடனே போய் நிற்கவேண்டும், ஆகையால் தென்காசியில் இருந்துகொண்டு போய்வருகிற கதை நடக்காது. இடம் இருந்தது கொச்சியிலும் டெல்லியிலும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லியாகவேண்டும்.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? மாடி ரூமுக்குப் புதுக் கட்டில் வாங்கிப் போட்டார். பல்பை மாற்றினார். ஸ்டேஷனுக்குப் போய்க் கொச்சிப் பக்கம் போகிற கொல்லம் ரயில் எந்தெந்த நேரம் என்று கேட்டுவந்தார். கொச்சி என்று வாயைத் திறந்து ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பிள்ளை அடுக்களையில் என்னிடம் வந்தாள். "கொச்சின்னே போடுதேன் அத்த."

"ஒனக்கு எந்த ஊரு வேணும்?"

"அப்பா ஒத்தையில கெடப்பாவ."

"ஏட்டி, நான் ஒங்க அப்பாவக் கேக்கல."

கரண்டியை எடுத்தாள், வைத்தாள். "டெல்லி" என்றாள் மெதுவாக. "பெரிய ப்ளேனெல்லாம் அங்கனதான் அத்த. வெளிநாட்டுக்குப் போறதும் அங்கன இருந்துதான். என்கூடப் படிச்சவளுக எல்லாரும் சேந்து வீடு பாக்குதாளுக." சொல்லிவிட்டுத் தப்புச் செய்தவள் மாதிரி அடுப்பைத் தணித்தாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் உங்கள் வித்தை ஞாபகம் வந்தது. அண்ணனிடம் எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். சனிக்கிழமை தலையில் எண்ணெய் வழிய மணையில் உட்கார்ந்திருக்கிறவர் எங்கே கிளம்புவது? மிக்சி, மாடி ரூம், பிள்ளையின் படிப்பு எல்லாமே நீங்கள் எண்ணெயில் வாங்கிய சம்மதம்தானே. "கண்ணுல எண்ணெய் எறங்கட்டும் ஏட்டி, பொறவு கேக்கணும்" என்று என் காதில் சொல்வீர்கள்.

சனிக்கிழமை மூன்று பேரும் குற்றாலத்துக்குப் போனோம். சாரல் பிடித்திருந்தது, கூட்டம் சொல்லிமுடியாது. பிள்ளை பெண்கள் பக்கம் குளிக்கப் போனாள். அண்ணன் துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணெய் தேய்க்கிறவரின் பலகையில் குப்புறப் படுத்தார். நான் மாற்றுத்துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சுவரில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"அண்ணே, பிள்ளைக்கு டெல்லிக்குப் போணும்னு ஆசை."

முதுகில் படார் படாரென்று அடி விழுகிற சத்தம் கேட்டது.

"கொச்சி பக்கம்லா" என்றார் கடைசியில். "ஒரு ஆத்திர அவசரம்னா ஓடி வரலாம்."

"யாருக்கு அவசரம்? நீங்க கல்லு மாதிரிதான இருக்கீய."

"கல்லுதான் அக்கா" என்றார் எண்ணெய்க்காரர். "என் கைதான் வலிக்குது."

அண்ணன் எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். "அசையாதீங்க அண்ணாச்சி, வழுக்கிரும்" என்று அமுக்கிவிட்டார் அந்தப் புண்ணியவான்.

அப்புறம் அண்ணன் சொன்னார். "அவ அம்மா இல்லாத வீடு ஏட்டி. அப்பப்ப இவ வந்து போனாத்தான் வீடு மாதிரி இருக்கும்."

மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஒங்க மதினி இருந்தா என்ன சொல்லுவா?" என்று அவரே கேட்டார்.

உங்கள் பேரில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். டெல்லிக்கு அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்கள் என்றால் அந்த நிமிடமே காரியம் முடிந்திருக்கும். மனசு வரவில்லை.

"தெரியாது அண்ணே. ஆனா எங்க வச்சுக் கேட்டிருப்பாவன்னு தெரியும். இப்படி எண்ணெயில கெடத்தி வச்சுத்தான் கேட்டிருப்பாவ."

எண்ணெய்க்காரர் கையும் நின்றுவிட்டது.

"மிக்சியா?" என்றார் அண்ணன்.

"மிக்சியும்."

"மாடி ரூமு?"

"அதும் ஒரு சனிக்கெழமதான்."

"இவள மதுரைக்கு அனுப்புனது?"

"அன்னைக்கு எண்ணெய் கொஞ்சம் கூடுதல்."

அண்ணன் குப்புறப் படுத்தபடியே சிரித்தார், மதினி. பலகை ஆடுகிற சத்தம் கேட்டது. "இத்தன வருசமா எனக்குத் தெரியலயே. கள்ளி" என்றார். உங்களைத்தான். அவ்வளவு ஆசையாக ஒருத்தர் திட்டி நான் கேட்டதில்லை.

"டெல்லின்னே போடச் சொல்லு" என்று எழுந்து அருவிக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. அப்பா எங்கே என்று பிள்ளை தேடினாள். எண்ணெய் போக நேரமாகும் என்று சொல்லிவைத்தேன்.

"நெசமாவே சொன்னாவளா அத்த?"

"எண்ணெய்க்காரரு சாட்சி. போடு ஏட்டி."

ஈரத்தலையோடு நின்றே டெல்லி என்று போட்டாள். போட்டுவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். என் சேலை நனைந்தது, திட்டவில்லை.

உங்கள் கைப்பக்குவம் எனக்கு வரவே இல்லை. என் சாம்பாரை அண்ணன் சாப்பிடுகிற முகத்தைப் பார்த்தாலே தெரியும். உங்களிடமிருந்து எனக்குத் தங்கியது இது ஒன்றுதான். அண்ணனைப் போல வாய் திறக்காத மனுசரை விட்டுவிட்டுப் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து, நேரம் பார்த்துக் கேட்பது. இன்னும் அவரை அப்படித்தான் கேட்கிறேன், சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று. சில நாள் பதிலும் வருகிறது.

போன வாரம் பிள்ளையைத் திருவனந்தபுரத்தில் ஏற்றிவிட்டோம். உள்ளே நம்மை விடமாட்டார்கள். ஆகையால் நானும் அண்ணனும் ஆட்டோ பிடித்து, விமானம் தலைக்கு மேலே போகும் என்று சொன்ன கடற்கரையில் போய் நின்றோம். சொன்ன நேரத்துக்கு ஒன்று கிளம்பி வந்தது. அண்ணன் தோள் துண்டை எடுத்து வீசினார். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அது புள்ளியாகி மறைகிறவரை அவர் துண்டை இறக்கவில்லை. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பும்போது பிள்ளை போன் செய்தாள். அவளுடைய விமானம் தாமதமாம், உள்ளே உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாளாம். நாங்கள் வழியனுப்பியது மஸ்கட் விமானத்தை என்று பக்கத்தில் கடலை விற்றவர் சொன்னார்.