பெரியம்மாவுக்கு இரண்டு பல்

ஜூன் 3, செவ்வாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, நம் தோட்டத்து லாரியானது இடப்பக்கம் திரும்ப மறுத்து, நேரே சென்று கோழிக்கூண்டின் மேல் சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. முட்டைச்சேதம் இரண்டு. கோழிகள் ஆழ்ந்த அதிர்ச்சியில் உள்ளன.

இந்த லாரிக்கு நான் வைத்த பெயர் பெரியம்மா. அப்பாவைவிட மூத்தது, யார் பேச்சையும் கேட்காது, மேடு வந்தால் பெருமூச்சு விடும். ஸ்டீரிங்கை அரைச் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குத் தகவலே போகும். டயர்கள் ஆறும் என் கணக்கு நோட்டு மாதிரி. உள்ளே ஒன்றும் இல்லை, வழவழ.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர் காந்தம். பழைய இரும்பு வாங்குகிறவர். எங்கே இரும்பு விழுந்தாலும் போய் ஒட்டிக்கொள்வதால் இந்தப் பெயர். அதுவும் நான் வைத்ததுதான். "அடடா, எவ்வளவு உழைச்ச வண்டி" என்று உச்சுக் கொட்டினார். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. அழுதுகொண்டே டேப்பை எடுத்து நீளம் அளந்தார்!

கொடுத்துவிடலாம் என்றுதான் அப்பாவும் தலையாட்டினார். அக்கா குறுக்கே வந்தாள்.

"பதினாறாம் தேதி வண்டிக்குத் தகுதிச் சோதனை இருக்குல்லப்பா. அதுவரைக்கும் டைம் குடுங்க. ஸ்டீரிங்க நான் பாத்துக்கறேன். சக்கரம் ஆறும் மாத்திடலாம். பாஸ் ஆச்சுன்னா லோடு ஓட்டறது என் பொறுப்பு."

"ஆகலன்னா?"

"வண்டிய அவருக்குக் குடுத்துடுங்க. மாமா சொன்ன செல்போன் கடை வேலைக்கு நான் போயிடறேன்."

அக்கா தொழிற்பயிற்சி முடித்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. மெக்கானிக் வகுப்பில் இவள் ஒருத்திதான் பெண். கடைக் கவுன்டரில் உட்காருவது என்றால் அவளுக்கு எட்டிக்காய். அதையே பந்தயம் வைத்துவிட்டாள்!

நான் அவளுக்கு எடுபிடி என்று யாரும் நினைக்க வேண்டாம். தலைமை ஆலோசகர்.

ஜூன் 5, வியாழன். மதியம்

வரலாறு படைத்துக்கொண்டிருப்பதால் சுருக்கமாக.

பழைய சக்கரங்களைக் கழற்றுகிறோம். வலப்பக்கம் அக்கா, இடப்பக்கம் நான். யார் முதலில் முடிப்பது என்று போட்டி. நட்டெல்லாம் துருவேறி உடும்புப் பிடி. ஸ்பேனரில் நாலடிக் குழாயைச் சொருகி அதன் நுனியில் ஏறி நின்று குதித்தேன். கிரீச்! அசைந்தது! ஒவ்வொரு நட்டும் கால் சுற்று வருகிறது.

"என்னடா, வருதா?" அந்தப் பக்கத்திலிருந்து அக்கா.

"வருது வருது! நீ உன் பக்கத்தப் பாரு!"

காந்தம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறார். பார்க்கட்டும். வயிறு எரியட்டும்.

அதே நாள். சாயங்காலம்

வரலாறு வாபஸ் பெறப்படுகிறது.

பெரியம்மா மாதிரிப் பழைய லாரிகளில் இடப்பக்க நட்டுக்குத் திருகு மரை தலைகீழாம். ஓடுகிற ஓட்டத்தில் கழன்றுவிடாமல் இருக்க அப்படிச் செய்வார்களாம். மற்ற நட்டுகளைக் கழற்றுகிற திசையில் இதைத் திருப்பினால் இறுகும். அதாவது நான் காலையிலிருந்து குதித்துக் குதித்து இறுக்கியிருக்கிறேன். இரண்டு போல்ட் முறிந்தே போயின.

அக்கா சிரிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வருது வருதுன்னானே, என்னடா வந்துச்சு?" நான் குழாயில் குதித்ததை அப்பாவுக்கு நடித்துக் காட்டினாள். பிறகு அம்மாவுக்கு. பிறகு போனில் மாமாவுக்கு; போனில் எப்படி நடிப்பாள் என்று கேட்காதே, நடித்தாள்! காந்தம் வேறு, "தம்பி, நம்ம கடைக்கு வந்துடு. உடைக்க ஆள் இல்லாம கஷ்டப்படறேன்" என்கிறார்.

இதற்குப் பதில் மரியாதை செய்யாவிட்டால் இந்த வீட்டில் எனக்கு வாலு என்று பெயர் இருந்து என்ன பிரயோஜனம்?

ஜூன் 8, ஞாயிறு

ஸ்டீரிங் பாகங்களைக் கழற்றியாகிவிட்டது. ஸ்டீரிங் பெட்டியிலிருந்து ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் பல் பல்லாக. அந்தப் பல்லில் ஒரு இரும்புக் கை மாட்டியிருக்கும். அந்தக் கை ஆடினால்தான் சக்கரம் திரும்பும். கழற்றும் முன் அக்கா, கையிலும் தண்டிலும் சேர்ந்தாற்போல் ஒரு சிவப்புக் கோடு போட்டாள். நெயில் பாலிஷ்! பிறந்ததிலிருந்து அவள் நகம் பார்க்காத பொருள்.

"திரும்ப மாட்டறப்ப இந்த ரெண்டு கோடும் ஒண்ணா நிக்கணும். மாறுச்சு, கதை கந்தல்" என்றாள்.

அப்படியா?

அவள் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு சின்னக் கைவேலை செய்தேன். விவரம் இந்த நோட்டுக்குக்கூடச் சொல்லப்பட மாட்டாது. பத்து நிமிட வேடிக்கை. அவள் திருதிருவென விழிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நானே சொல்லிவிடுவேன். கையில் பெயின்ட் கரைக்கிற தின்னர் நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

சக்கரங்கள் வந்தாச்சு! ஆறு! கன்னங்கரேலென்று, வாசனையே ஆளைத் தூக்குகிறது! புது டயரில் மீசை முளைத்த மாதிரி ரப்பர் முடி இருக்கும். வரும் வழியெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். "அதையும் விட்டு வைக்க மாட்டியாடா?" என்றார் அப்பா.

சக்கரம் வாங்க அப்பாவோடு போனதில் ஒரு சிறு இடைஞ்சல். நான் வருவதற்குள் அக்கா புது ஜாயிண்டுகள், இரும்புக் கை எல்லாவற்றையும் மாட்டி இறுக்கிவிட்டாள். விழிக்கிற முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரி, நாளைக்கு ஓட்டும்போது பார்க்கலாம்.

சக்கரங்களை மாட்டினோம். இடப்பக்கம் ஒவ்வொரு நட்டையும் கேட்டுக் கேட்டுத்தான் தொட்டேன்.

ஜூன் 11, புதன்

வெள்ளோட்டம். களத்தில் பெயின்ட் டின்களை வரிசையாக வைத்தோம். அக்கா ஸ்டீரிங்கைத் தொட்டாள், பெரியம்மா திரும்பினாள்! அரைச் சுற்று ஆட்டம் போயே போச்சு! இடப்பக்கம் வட்டமாக ஒரு சுற்று. நான் விசில் அடித்தேன்.

வலப்பக்கம் திருப்பினாள். பாதியில் டக்கென்று நின்றுவிட்டது. டின் அப்பளம்.

நான் சிரிக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் அப்பா அங்கே நிற்கிறார். பக்கத்தில் காந்தம் நிற்கிறார். "பொம்பளப் புள்ளை கை வச்சா இப்படித்தான்" என்றார். அக்கா இறங்கி வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 12, வியாழன்

சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மூன்று தடவை கழற்றி மாட்டிவிட்டாள். ஸ்டீரிங் பெட்டியைத் திறந்து பார்த்தாள். விரலெல்லாம் கிழிசல். ஒவ்வொரு தடவையும் டார்ச் அடித்து, "கோடு சரியாத்தானே இருக்கு, சரியாத்தானே இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன் நான். வாய் என்ன ஆச்சு எனக்கு? சும்மா இருக்கும்போது வாய் ஓயாதே!

மதியம் சமையலறையில் அப்பாவிடம் சொன்னாள்: "அந்த இரும்புக்காரர வரச் சொல்லிடுங்கப்பா. எனக்கு இது வரல."

ஜூன் 14, சனி

கண்டுபிடித்தேன்! கண்டுபிடித்தேன்!

காலையில் வண்டிக்கு அடியில் படுத்தேன். மோவாயில் கை வைத்தேன். புருவத்தைச் சுருக்கினேன். "அக்கா, அந்தக் கைய ரெண்டு பல் பின்னால தள்ளி மாட்டிப் பாரேன்" என்றேன்.

மாட்டினாள். திருப்பினாள். இடமும் முழுசு, வலமும் முழுசு! ஒரு டின்னுக்குக்கூடக் கீறல் இல்லை! அம்மா முன் சீட்டில், நான் பின்னால் நின்று கூச்சல், களத்தை ஒன்பது சுற்று சுற்றினோம். கோழிகள் முன்னெச்சரிக்கையாக மரத்தில் ஏறிக்கொண்டன. காந்தம் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

"படிச்சிட்டு வந்தவளுக்குப் புரியல. இவன் படுத்துப் பாத்தே சொல்லிட்டான்!" அப்பா என் முதுகில் போட்ட போட்டில் பல் ஆடியது. இனி என் பெயர் டாக்டராம்.

அக்கா ஒன்றுதான் கேட்டாள். "ரெண்டு பல்லுன்னு எப்படிடா அவ்வளவு கரெக்டாச் சொன்ன?"

"அது ஒரு ஞானம்க்கா."

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு சக்கரத்துக்குக் காற்று பார்க்கப் போனாள்.

சாயங்காலம் அப்பா போனில் மாமாவிடம் பேசியது காதில் விழுந்தது. "வண்டி பாஸ் ஆயிடும் மச்சான். ஆனா பாப்பாவ நம்பி விட முடியாது. வெளியாளு ஒருத்தன வச்சுக்கறேன். அவளுக்கு உங்க கடை வேலையே இருக்கட்டும்."

இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

பெரியம்மா பாஸ்!

சோதனை அதிகாரி தானே ஏறி ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, "இந்த வயசு வண்டிக்கு இப்படி ஒரு ஸ்டீரிங்கா! யாரு வேலை?" என்றார்.

அப்பா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "நம்ம பையன்தான் சார்."

அக்கா புதுச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் கையைத் தோளிலிருந்து விலக்கினேன்.

"இல்ல சார். எல்லாம் அக்கா வேலை. நான்... அக்கா போட்ட கோட்டை அழிச்சிட்டு ரெண்டு பல் தள்ளிப் போட்டேன். அதான் எனக்கு ரெண்டுன்னு தெரியும். அஞ்சு நாளா வாயத் திறக்கல."

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு மெல்ல நழுவினார். அப்பா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"தெரியும்" என்றாள் அக்கா. "கட்டைவிரல் நகத்துல சிவப்பு ஒட்டிட்டிருந்துச்சு. அழகுக்கு வச்சிருக்கானோன்னு கூட யோசிச்சேன்."

"நீ ஏம்மா அப்பவே சொல்லல?"

"நான் சொன்னா, தப்பிக்கறதுக்குத் தம்பி மேல பழி போடறேன்னு நெனச்சிருப்பீங்கப்பா."

அப்பா சட்டைப் பையைத் தடவினார். பிறகு போனை எடுத்தார். "மச்சான், கடைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க. என் பொண்ணுக்கு நாளைக்கு முட்டைக்கோஸ் லோடு இருக்கு." சாவியை அக்காவிடம் நீட்டினார். என்னிடம் நீட்டியது தேய்க்கிற பிரஷ். பெரியம்மாவை ஒரு மாதம் நான்தான் கழுவ வேண்டும்.

ஆகவே இந்த நோட்டைப் படிப்பவர்கள், ஜூன் 14-இல் 'கண்டுபிடித்தேன்' என்று வரும் இடத்திலெல்லாம் 'ஒளித்து வைத்திருந்தேன்' என்று திருத்திப் படிக்கவும்.

கழுவும்போதுதான் பார்த்தேன். இடப்பக்க நட்டு ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு நெயில் பாலிஷில் குட்டி அம்புக்குறி. பக்கத்தில் பொடி எழுத்தில்: 'வாலு, கழற்ற இப்படி.' அவளிடம் ஸ்பேனர் கேட்டேன். சிரிக்காமல் கொடுத்தாள். எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

பார்த்தேன். கடைசியாக ஒரு உண்மை: அவ்வளவு தெளிவாக அம்புக்குறி இருந்தும், முதல் நட்டை இறுக்கப் போய்க் கழற்றித்தான் விட்டேன். ஒன்றே ஒன்றுதான். அவள் பார்ப்பதற்குள் மாட்டிவிட்டேன்.

பார்த்துவிட்டாள்.