வசந்தா பெயரில் நாற்பத்தொரு அட்டைகள்

ஜூலை 8, செவ்வாய்
எட்டு மணிக்கே புழுக்கம். முதலில் ஒன்று. பள்ளித்தோழி வசந்தாவுக்குத் துணையாக நான் மாடிக்குப் போய்வருவதாகத் தெருவில் பேச்சு. தவறு. செயலிக்குத் தமிழ் எழுதுவது நான். வசந்தா தட்டச்சு மட்டும்.

மாடியில் குடியிருக்கும் கல்பனா கட்டும் வலைச்செயலி அது. குழுவாக வேலை செய்பவர்கள் இரண்டு வாரத்துக்கான வேலைகளை அட்டை அட்டையாகப் பிரித்து, பலகையில் நகர்த்திக்கொண்டே போவதற்கு. இலவசம். நிரலும் திறந்தே கிடக்கும், யாரும் திருத்தலாம். அதன் தமிழ் முழுக்க நான். இரண்டு வாரத் தவணைக்குப் ‘பாவு’ என்று பெயர் வைத்ததும் நானே. தறியில் ஏற்றிய பாவு நூலை நெய்து முடித்த பிறகுதான் அடுத்தது. நடுவில் எதையும் நுழைக்க முடியாது. இந்த நெசவு ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

வாங்க: நீல மை, ரஸ்க், முழங்கால் தைலம்.

ஜூலை 9, புதன்
தறிக்காரர் நால்வர் செயலியைப் பார்க்க வந்தார்கள். திரையில் ‘முடிந்தவை’ பத்தி. நாற்பத்தொரு தமிழாக்க அட்டைகள். ஒவ்வொன்றின் மூலையிலும் வசந்தாவின் பெயர், சிரித்த முகம்.

“தமிழ்லாம் வசந்தாம்மாதான் பண்ணிக்கினு இருக்காங்க,” என்றாள் கல்பனா. “சந்திப் பிழை மட்டும் ரெஜினா ஆன்ட்டி பாப்பாங்க.”

வசந்தா மறுக்கவில்லை. புதன்கிழமைக்கு ஜரிகைப் புடவை வேறு.

தப்பு எங்கே என்று தெரியும். கணக்குத் தொடங்கச் சொன்னபோது, யந்திரத்துக்கு என் பெயரைக் கொடுக்க மாட்டேன் என்றேன். தாளில் எழுதி வசந்தாவிடம் கொடுத்தேன். யார் ஏற்றுகிறார்களோ அவர்கள் பெயர்தான் பதிவாகுமாம்.

வீட்டு வாசல் பலகையில் இன்னும் என் கணவர் பெயர். போய் ஆறு வருடம். என் பெயர் எங்கும் இல்லை.

ஜூலை 10, வியாழன்
வசந்தாவிடம் நேராகவே கேட்டேன்.

“இன்னாடி ரெஜினா, கான்வென்ட்ல ப்ரைஸ் குடுக்கற மாதிரி பேரு கூப்பிடணுமா உனக்கு? மிஷின் போட்ட பேரு அது. நானா போட்டேன்?”

“வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே.”

“நீயும் அங்கதானே குந்திக்கினு இருந்தே. நீயே சொல்றதுதானே! உனக்குத்தான் கவுரவம்.”

அதே சிரிப்பு. பள்ளியில் கையெழுத்துப் பரிசு எனக்கு, சிஸ்டர்களின் பிரியம் அவளுக்கு.

ஜூலை 11, வெள்ளி
மழை போக்குக் காட்டிவிட்டுப் போனது. கல்பனா ஒரு செய்தி படித்துக் காட்டினாள். கோவையிலிருந்து, சோதனைப் பதிப்பைப் பயன்படுத்தும் முகம் தெரியாத ஒருவர். அட்டை ஏதும் இல்லாத வெறும் பலகையில் வரும் வாக்கியத்தைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கவே மனம் வந்ததாம். ‘இன்னும் ஒன்றுமில்லை. மனதில் உள்ள முதல் வேலையை எழுதுங்கள்.’

நான் எழுதிக் கொடுத்தது: ‘பணிகள் எவையும் இல்லை.’ தட்டச்சு செய்யும்போது வசந்தா மாற்றியிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை.

அவளுடையது நன்றாக இருக்கிறது.

மதியம் சாப்பிடவில்லை.

ஜூலை 12, சனி
திங்கள் மாலை வெளியீடு. உழைத்தவர்கள் பெயர் வரும் நன்றிப் பக்கம் இன்னும் முடிவாகவில்லை. மாடிக்குக் கொடுத்த கடிதத்தின் நகல்:

கல்பனாவுக்கு. என் நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்கவும். நாற்பது அட்டைகளின் தமிழ் என்னுடையது. வெறும் பலகை வாக்கியம் வசந்தாவுடையது. அதை அவள் பெயரிலேயே விடவும். மற்றவற்றுக்கு நன்றிப் பக்கத்தில் என் பெயரை, முதலெழுத்துடன், முழுதாகப் போட இயலுமா? மாடிப்படியில் நின்று சொல்ல வேண்டாம். ஆம், இல்லை, எதுவானாலும் தாளில் எழுதித் திங்கள் காலைக்குள் தரவும்.