அணை இருந்த இடம் தாண்டி

அன்புள்ளவனுக்கு,

இங்கே மெயின் மாநிலத்தில் பனி உருகிவிட்டது. வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

அணையின் உரிமத்தைப் புதுப்பிக்கும் விசாரணையில், அழிந்துவரும் சால்மன் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறிப்போக வழி கட்டாமல் உரிமம் தரக்கூடாது என்று அரசு மீன் ஆய்வாளராகச் சொன்னவள் நான். அணை ஊழியர்களோடு நீ உட்கார்ந்திருந்தாய். வெளியே வந்ததும், "மீனுக்கு வழி கேட்டுட்ட, சரி. நமக்கு என்ன வழி?" என்றாய். வழி கட்டுவதைவிட இடிப்பது மலிவு என்று கம்பெனி அணையையே இடித்தது. நீ வேலை தேடி வேறு மாநிலத்து அணைக்குப் போய்விட்டாய்.

நேற்றுக் காலை ஆற்றோரம் நின்றிருந்தேன். உன்னோடு வேலை இழந்த நம் ஆரின், தன் படகிலிருந்து கத்தினார்.

"வந்துடுச்சும்மா! அந்தப் பாறை பக்கம் பாரு!"

பெரிய பெண் சால்மன். அணை இருந்த இடத்தைத் தாண்டி, நிதானமாக மேலே போயிற்று. நம் காலத்தில் யாரும் அங்கே சால்மனைப் பார்த்ததில்லை.

"அவன்கிட்ட சொல்லு, நம்ம வேலையைத் தின்ன மீனு நல்லாத்தான் கொழுத்திருக்குன்னு" என்று ஆரின் சிரித்தார். சொல்லிவிட்டேன்.

அலுவலகத்துக்கும் அறிக்கை அனுப்பிவிட்டேன். அதில் இடம்பெறாதது ஒன்றுதான். மீனைக் கண்டதும், உனக்குக் காட்ட வேண்டும் என்று பக்கத்தில் திரும்பினேன்.

இப்படிக்கு,
உன் மனைவி