மேலே வந்த மீன்கள்

மார்ச் 3
தீனி எறியும் இயந்திரம் பழுதாம். கடல் கூண்டுகளில் மீன் ஒன்றுகூட மேலே வரவில்லை. "இன்னொரு நாள் வாங்க மேடம்" என்றார் பண்ணை மேலாளர். மீன்வளத் துறைக்காரிக்கு ஏது இன்னொரு நாள்? நானே நீளக் கைவலையை அடி வரை இறக்கி இருபது மீனை அள்ளி, தோலில் ஒட்டி ரத்தம் குடிக்கும் கடல் பேனை எண்ணினேன். சராசரியாக மீனுக்கு ஒரு பேனுக்கு மேல் போனால் கூண்டுகளைக் காலி செய்ய வேண்டும் என்பது சட்டம். போன மாதம் இருபது மீனுக்கு மொத்தம் ஒன்பது. இன்று நூற்று முப்பத்தொன்று.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். நூற்று முப்பத்து நாலு.

மார்ச் 4
புரிந்துவிட்டது. தெம்புள்ள மீன்தான் தீனிக்கு மேலே வரும். பேன் ஏறிய சீக்கு மீன் அடியிலேயே கிடக்கும். மூன்று வருடமாகத் தீனி போட்டு, மேலே வந்ததை மட்டும் அள்ளி, எண்ணி, கையெழுத்தும் போட்டு — பள்ளிக்கு வந்த பிள்ளைகளை எண்ணிவிட்டு ஊரில் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று எழுதியது மாதிரி. இதற்கு எனக்குச் சம்பளம் வேறு. முட்டாள்.

மார்ச் 5
மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஆறு கடலில் சேரும் இடத்தில் வலை போடுகிறவர். "ஆத்து மீனு அத்துப்போச்சும்மா" என்று அவர் புலம்பும்போதெல்லாம் "மழை கம்மி மாமா" என்று விளக்கம் சொன்னவள் நான். ஆற்றில் பொரித்த குஞ்சுகள் அந்தக் கூண்டுகளை உரசிக்கொண்டுதான் கடலுக்குப் போகின்றன. விரல் நீளக் குஞ்சு. இரண்டு பேன் ஏறினால் கதை முடிந்தது. இந்த மாதக் கடைசியில் இறங்க ஆரம்பிக்கும்.

மார்ச் 6
புதுக் கணக்கைக் காட்டினேன். மேலாளர் சிரித்தார். "மூணு வருஷமா எண்ணினது நீங்கதானே மேடம்? எதை நம்புறது?"

எங்கள் அதிகாரி சிரிக்கவில்லை. "அடுத்த கணக்கு ஏப்ரல் பத்து. அப்ப பாத்துக்கலாம். உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்காத."

ஏப்ரல் பத்தில் எதைப் பார்க்க? செத்ததையா?

மார்ச் 8
அறிக்கையை இன்னும் எழுதவில்லை. கூண்டு காலியானால் அக்காவுக்கு வேலை போகும். பண்ணையில் மீன் வெட்டும் கொட்டகையில்தான் நிற்கிறாள். மாமாவின் வலை வெறுமையாக வர ஆரம்பித்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அவளால்தான். எழுதினால் அவள் வயிற்றில் அடி. எழுதாவிட்டால் ஆற்றில் மிச்சம் மீதியும் போய்ச்சேரும். யாராவது என் கையைப் பிடித்து எழுத வைத்தால் தேவலை. ஒடித்துப் போட்டாலும் தேவலை.

மார்ச் 9
தாளை எடுத்துத் தேதி மட்டும் போட்டு மடித்து வைத்தேன்.

மார்ச் 11
எழுதிவிட்டேன். மூன்று வருடக் கணக்கும் தவறு, தவறு என்னுடையது. அதிகாரியிடம் கொடுக்காமல் தலைமை அலுவலகத்துக்கே பதிவுத் தபால். முகவரியை இரண்டு முறை சரிபார்த்தேன்.

மார்ச் 19
தலைமை அலுவலகத்திலிருந்து நாலு பேர் வந்து, கூண்டு வலையையே தூக்கி எண்ணினார்கள். நான் சொன்னதைவிட அதிகம். ஆறு கூண்டும் பத்து நாளில் காலியாக வேண்டும் என்று உத்தரவு. இனி எல்லாப் பண்ணையிலும் அடியிலிருந்துதான் அள்ள வேண்டுமாம். எனக்குப் பணியிடை நீக்கம். அது கிடக்கட்டும்.

அக்காவுக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 22
எடுக்கவில்லை.

மார்ச் 27
"குஞ்சு இறங்க ஆரம்பிச்சிருச்சும்மா" என்றார் மாமா. இன்னும் இரண்டு கூண்டு நிரம்பிக் கிடக்கிறது! கரையில் நின்று கத்த வேண்டும்போல் இருந்தது — ரெண்டு நாள் பொறுங்களேன், ரெண்டே ரெண்டு நாள்! மீனிடம் கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 29
கடைசிக் கூண்டும் காலி. கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். சாயங்காலம் அக்கா வந்தாள். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அடி மீனு எப்பவும் கழுத்தெல்லாம் பேன் கடிச்ச புண்ணோடதான்டி வரும். வெட்டுற எங்களுக்குத் தெரியாதா? உனக்கும் தெரியும், எனக்காகத்தான் கம்மியா எழுதுறேன்னு நெனச்சேன். மூணு வருஷமா மனசுக்குள்ள உன்னைக் கும்பிட்டிருக்கேன். இப்ப மட்டும் ஏன்டி?"

எனக்குத் தெரியவே தெரியாதுக்கா என்று தொண்டை வரை வந்தது. உள்ளே வா என்று மட்டும் சொன்னேன். அவள் வரவில்லை.