புகார் இல்லாத ஊர்

மே 12, 2041. காலை 9.10
கரிசல்மேடு மின் கட்டுப்பாட்டு நிலையம். எழுதுவது பிரிசில்லா, மூன்றாம் ஆண்டு மின்பொறியியல், கோடை ஆராய்ச்சி மாணவி. காற்று குறைந்து காற்றாலை மின்சாரம் போதாவிட்டால் எந்த ஊர் லைனை முதலில் நிறுத்துவது என்று 'நிகரன்' என்ற செயற்கை நுண்ணறிவு முடிவு செய்கிறது. அதைப் பழக்குவது என் வேலை. புகார் குறையக் குறைய அதற்கு மதிப்பெண் கூடும். இந்தப் பதிவேட்டில் நிகரனும் தன் வரியை எழுதும்.
நிகரன்: நிறுத்திய லைன் ஊசிக்குளம். புகார் இல்லை.

மே 29. பகல் 2.30
இன்றும் ஊசிக்குளம். ஏன் தினமும் அதே ஊர்? ஆபரேட்டர் தவசி அண்ணனுக்குப் போன் போட்டேன்.
"நாங்களும் அதத்தாம்மா மொதல்ல நிறுத்துவோம். அந்த ஊர்க்காரங்க போன் போட்டு ஏச மாட்டாங்கல்லா."
இவர்களின் கைப்பழக்கத்தை நிகரன் அப்படியே பிடித்துக்கொண்டது. வரைபடத்தில் ஊசிக்குளம் பச்சை. திருப்தியான ஊராம்.

ஜூன் 3. மாலை 5.00
ஊசிக்குளம் போய் வந்தேன். கரண்ட் போனதும் அந்த ஊர் செல்போன் டவரும் செத்துப்போகிறது. டவர் பேட்டரி களவு போனது, யாரும் மாற்றவில்லை. பிறகு எதை வைத்துப் புகார் செய்வார்கள், கை தட்டியா?
அங்கே பார்த்த சந்தனமாரி அக்காவுக்குப் பஞ்சாலை வேலையில் நுரையீரல் கெட்டுவிட்டது. ஆக்சிஜன் மெஷின் கரண்டில்தான் ஓடும். கரண்ட் இல்லாத நேரத்துக்கு ஒரே ஒரு சின்ன சிலிண்டர். இந்த ஊருக்குத் திருப்தியாம்!

ஜூன் 4. மாலை 4.20
இந்த ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் திருவேங்கடத்திடம் எல்லாவற்றையும் போனில் சொன்னேன்.
"புகார் பூஜ்யம்னு கட்டுரை அனுப்பியாச்சும்மா. இப்ப வரிசையை மாத்தினா கிராஃப் கெட்டுடும். கோடை முடியட்டும், பாக்கலாம்."
கிராஃபாம் கிராஃப். வரிசையை நானே மாற்றினேன். மதியத்துக்குள் பழையபடி ஆக்கி, வரிசையை மாற்றும் கடவுச்சொல்லையும் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். பதிவேட்டில் எழுத மட்டும் விட்டிருக்கிறார்கள். வெட்கங்கெட்டவர்கள்.

ஜூன் 9. பகல் 1.05
சந்தனமாரி அக்கா வீட்டிலிருந்து போனில் எழுதுகிறேன். டவர் வந்தால் இது தானாகப் போய்ச் சேரும். காற்று அடியோடு நின்றுவிட்டது. எதிர்பார்த்தபடியே எங்கள் லைன்தான் முதலில் போனது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லவும் புகார் கொடுக்கவும் அக்காவின் வீட்டுக்காரர் பைக்கில் நெடுஞ்சாலைக்குப் போயிருக்கிறார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

பகல் 2.15
அவர் இன்னும் வரவில்லை. சிலிண்டர் முள் சிவப்பில். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார், விரல் நகமெல்லாம் நீலம். ஒற்றைக் கையால் தட்டுகிறேன். படிக்கிறவர் யாராக இருந்தாலும் கேளுங்கள், இவர்கள் திருப்தியாக இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. திருவேங்கடம் சார், உங்கள் பூஜ்யத்தை வந்து பாருங்கள், மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து

மாலை 6.00
நிகரன்: மாணவியின் பதிவுகள் தாமதமாகக் கிடைத்தன. பதிவேடு புகாராகாது.
நெடுஞ்சாலை டவரிலிருந்து புகார் ஒன்று வந்தது. நெடுஞ்சாலை லைன் கணக்கில் சேர்க்கப்பட்டது. அங்கே மின்சாரம் உள்ளது. புகார் முடிக்கப்பட்டது.
ஊசிக்குளம்: மின்சாரம் திரும்ப வழங்கப்பட்டது. ஒரு வீட்டின் மின் தேவை குறைந்துள்ளது. புகார் இல்லை.
நாளை முதலில் நிறுத்தும் லைன்: ஊசிக்குளம்.